மெல்லப்பேசிக்கு ஒரு நோட்டீஸ்

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

உனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று உன் அண்ணன் சொன்னார். ஒரு வக்கீலுக்கு இப்படி ஒரு தண்டனையா என்று வருத்தப்பட்டேன். சிரிக்கவில்லை. கொஞ்சமாகத்தான் சிரித்தேன்.

அத்தை வீட்டைக் காலி செய்தபோது அந்தச் சோபா யாருக்கு என்று நாம் போட்ட சண்டைக்குப் பிறகு, நீயும் நானும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. போனில் பேசினால் மறுபடியும் சோபாவில்தான் போய் முடியும். உன்னாலும் இப்போது பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். சோபாவைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இருக்காது.

எனக்கு ஒரு வக்கீல் வேண்டும். உன் அண்ணன், "வீட்லயே ஒருத்தி இருக்கா, அவகிட்ட கேளு" என்கிறார்.

நான் சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கும் பிரிவில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். புதிதாக வரும் ஒவ்வொரு கலவையையும் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்து பார்த்து, சரியா இல்லையா என்று நான் சொன்ன பிறகுதான் அது சோப்பாகும். என் பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவது அவர் சட்டைக்கே கேட்காது. அதனால் அவருக்கு 'மெல்லப்பேசி' என்று பெயர். அந்த மனிதர் ஆபீஸ் முழுக்க ஒரு கதையைப் பரப்பிவிட்டார்: எனக்கு மூக்கு போய்விட்டதாம். போன வருஷக் கடைசியில் வந்த காய்ச்சலிலிருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாதாம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஒப்பேற்றுகிறேனாம்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்கிறாயா? கேன்டீன்கார அக்கா தட்டை நீட்டும்போது, "உப்பாச்சும் தெரியுதாம்மா?" என்று கண்கலங்கிக் கேட்டார். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி ஒரு கைவைத்தியம் சொன்னார். பேக்கிங் பிரிவில் ஒருவன் தன் சாக்ஸைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டு, நான் கண்டுபிடிக்கிறேனா என்று காத்திருந்தான். இதெல்லாம் போகட்டும். புதிதாக வரப்போகும் குழந்தை சோப்பு வேலையை மேனேஜர் என்னிடமிருந்து எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார். எனக்குச் சொன்ன காரணம், "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

அவரை உள்ளே தள்ள முடியுமா? எவ்வளவு நாளைக்குத் தள்ளலாம்?

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. சோபாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது என்று சொல்லி அதை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள்.

உள்ளே தள்ளும் ஆசையை விடுங்கள். அவதூறு என்று சொல்ல சட்டத்துக்குச் சில விஷயங்கள் வேண்டும். அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். அபிப்பிராயமாக இல்லாமல், நடந்த விஷயம்போலச் சொல்லியிருக்க வேண்டும். 'அவங்க வேலை எனக்குப் பிடிக்கலை' என்றால் அது அபிப்பிராயம். 'அவங்களுக்கு மூக்கே இல்லை' என்றால் நாம் பேச ஆரம்பிக்கலாம். அதை உங்களிடம் சொன்னால் போதாது, மூன்றாம் ஆளிடம் சொல்லியிருக்க வேண்டும். அதனால் உங்களுக்குக் கெடுதல் வந்திருக்க வேண்டும். தொழிலைப் பற்றிய பொய் என்பதால் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. வாசனை பார்ப்பவருக்கு மூக்கில்லை என்பதும், வக்கீலுக்கு வாயில்லை என்பதும் ஒன்றுதான். எனக்கு உண்மையாகவே இல்லை, அது வேறு விஷயம்.

செய்யக்கூடியது பல உண்டு. அவரிடமே நேராகக் கேட்கலாம். நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் தரலாம். நல்ல எண்ணத்தோடு, உரிய இடத்தில் தரும் புகாரை யாரும் அவதூறு என்று சொல்ல முடியாது. அதற்கும் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். கடைசியாகத்தான் கோர்ட். கோர்ட் என்றால் வருஷக்கணக்காகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குள் அந்தக் குழந்தை சோப்பில் குளிக்கும் குழந்தைகள் மீசை வளர்த்துவிடுவார்கள்.

இப்போதைக்கு யார் யாரிடம், என்ன வார்த்தை சொன்னார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். கேன்டீனில் வைத்து எதுவும் பேசிவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும். திரும்பவும் சொல்கிறேன், பேசிவிடாதீர்கள்.

கடைசியாக, வக்கீலாக ஒரு கேள்வி. கோபப்படாமல் பதில் வேண்டும். அவர் சொன்னதில் ஒரு துளியாவது உண்மை உண்டா? உண்மைதான் என்று அவர் நிரூபித்துவிட்டால் நம் கேஸ் அங்கேயே படுத்துவிடும்.

இப்படிக்கு,
வாய்மூடிய வக்கீல்


மார்ச் 15

நாத்தனாரே,

நீயுமா கேட்கிறாய்? உன் கடிதத்தைப் பிரித்ததும் இருமல் மருந்து வாசனை வந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனையும் வந்தது. பூனை ஒன்று அதன்மேல் படுத்து எழுந்திருக்கிறது. போதுமா?

ஆனால் கேட்டுவிட்டாய், மறைக்கக் கூடாது. காய்ச்சலின்போது சில நாள் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. காபியும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன. அப்போது லீவில் இருந்தேன். மறுபடி வேலைக்குப் போவதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷமும் அந்த மூக்கை வைத்துத்தானே சாப்பிட்டேன். உன் அண்ணன் பயந்துவிடுவார் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. மெல்லப்பேசி நலம் விசாரிக்க போன் செய்தார். அவரிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னேன்.

பல வருஷமாக ஒரே அறை. துணியில் வாசனை தங்கிவிடும் என்று திரைச்சீலைகூட இல்லாத அறை அது. எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம் பட்டையை நீட்டுவேன், அவருக்கு வந்தால் என்னிடம் நீட்டுவார். அப்படிப்பட்ட மனிதர் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. குழந்தை சோப்பு போனதுகூட அப்புறம்தான்.

இன்னொரு விஷயம். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கேன்டீனில் பேசிவிட்டேன். அவர் அடுத்த மேசையில் இருந்தார். நாலு பேர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று, "சாம்பிள் பாட்டிலைத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோற ஆளெல்லாம் என் மூக்கைப் பத்திப் பேசறதா?" என்று கேட்டேன். ஸ்பூன் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். இப்போது அவரும் வக்கீலைப் பார்க்கப்போவதாகக் கேள்வி.

இது நம் கேஸுக்கு உதவுமா?

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

உதவும். அவருடைய கேஸுக்கு.

அவர் பாட்டிலைத் திருடினாரா? நேற்று அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பி உங்களிடம் கேட்கச் சொன்னேன். ஒரு பாட்டில் எப்போதோ காணாமல் போனது, பிறகு அலமாரிக்குப் பின்னால் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்களாம். அப்படியென்றால் அவர் செய்ததையே நீங்களும் செய்திருக்கிறீர்கள். அவர் ஒவ்வொருவராகக் காதில் சொன்னார், நீங்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சொன்னீர்கள். சாட்சிக்கு அவர் அலையவே வேண்டாம், கேன்டீனே இருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். கத்த முடியாததால் கையெழுத்து இப்படி இருக்கிறது.

நாளைக்கே அதே கேன்டீனில், அதே ஆட்கள் முன்னால், சொன்னதை வாபஸ் வாங்குங்கள். 'அவர் ஆரம்பிச்சதாலதான்' என்று ஒரு வால் ஒட்டக் கூடாது. நோகாமல் தப்பிக்கும் வழி என்று இதைச் சொல்லவில்லை. அவர் பெயரைத் தெருவில் போட்டுவிட்டு, என் பெயரை எடுத்துக் கொடுங்கள் என்று நீங்கள் எங்கேயும் போய் நிற்க முடியாது. நிர்வாகத்திடமும் முடியாது, நீதிபதியிடமும் முடியாது, என்னிடமும் முடியாது.

அதன் பிறகு புகாரை எழுதுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்ச் சோதனை செய்து சான்றிதழும் வாங்குங்கள்.

காய்ச்சலைப் பற்றி என்னிடம் சொன்னதற்கு நன்றி. அந்த நாட்களில் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். சோபாவில் இப்போது பூனைதான் படுக்கிறது. நான் நாற்காலியில் உட்காருகிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 2

அன்புள்ள வக்கீலம்மா,

வாபஸ் வாங்கிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எழுந்து, "பாட்டில் விஷயமா நான் சொன்னது பொய். இவர் எதையும் எடுக்கலை. கோபத்துல சொல்லிட்டேன், தப்பு" என்றேன். வாலை ஒட்டவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது. பேக்கிங் பையன் கை தட்டினான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

பிறகு புகாரோடு பணியாளர் அதிகாரியிடம் போனேன். சின்னப் பெண். மேசைமேல் இருந்த செடிக்குப் பின்னாலிருந்து, "இது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற பர்சனல் மேட்டர் இல்லையா மேடம்?" என்று கேட்டாள்.

"என் வேலையைப் பத்தி, வேலை செய்யற இடத்துல சொல்லியிருக்கார். அதனால என் கையில இருந்த வேலை போயிருக்கு. இதுல பர்சனல் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவள் செடியைத் தள்ளி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய்.

சாட்சிதான் பாடாய்ப் படுத்துகிறது. செக்யூரிட்டி, "எனக்கெதுக்கு வம்பு" என்று கைவைத்தியத்தையும் சேர்த்து வாபஸ் வாங்கிக்கொண்டார். கேன்டீன்கார அக்கா மட்டும், "என்கிட்ட சொன்னார், அதை எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன். அந்தப் பொண்ணுக்காக நான் அன்னிக்கு அழுதது வீணா?" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

டாக்டரிடமும் போனேன். சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாக நீட்டினார். வாசனையெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: வலது நாசி இடதைவிடக் கொஞ்சம் மந்தம், வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அந்த ஒரு வரி எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தப் பக்கத்தைக் கொடுக்காமல் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தால் என்ன?

நிர்வாகம், "பார்க்கிறோம்" என்கிறது. எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணி,

இரண்டு பக்கத்தையும் கொடுங்கள். வலது நாசியைப் பற்றி நீங்களே சொன்னால் அது ஒரு வரி. மறைத்து அவர்கள் கண்டுபிடித்தால் அதுவே கேஸ். 'வேலைக்கு இடைஞ்சல் இல்லை' என்று டாக்டரே எழுதிவிட்டாரே, வேறென்ன வேண்டும்? என் இடது காதும் மந்தம்தான். எதிர்க்கட்சி வக்கீலை எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் உட்காரவைக்கிறேன்.

அந்தச் சின்னப் பெண்ணிடம் பேசியது நன்றாக இருந்தது. பெருமைப்பட்டேன். இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

நிர்வாகம் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். நாம் அடுத்த படிக்குப் போகலாம். மெல்லப்பேசிக்கு நோட்டீஸ் தயார் செய்து இதோடு வைத்திருக்கிறேன். கேட்டிருப்பது இவ்வளவுதான்: சொன்னது பொய் என்று எழுதித் தர வேண்டும். யார் யாரிடம் சொன்னாரோ அவர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். இனி இப்படிப் பேசக் கூடாது. செய்யாவிட்டால் வழக்கு. நஷ்டஈடும் கேட்கலாம். கேட்க வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நோட்டீஸின் ஒரு நகல் மேனேஜருக்கும் போகும். அவருக்கு அது வரும்போது 'ரெஸ்ட் எடுங்க' என்ற வார்த்தை கொஞ்சம் உறுத்தும்.

என் வாய்ப்பூட்டைத் திறந்துவிட்டார்கள். ஆனால் கிசுகிசுக்க மட்டும்தான் அனுமதி. நேற்று கோர்ட்டுக்குப் போய் அப்படியே வாதாடினேன். நீதிபதி முன்னால் சாய்ந்துவிட்டார். வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக நான் கத்தியபோது யாரும் இப்படிக் கேட்டதில்லை. உங்கள் ஆபீஸில் மெல்லப்பேசி சொன்னதை ஏன் எல்லோரும் நம்பினார்கள் என்று இப்போது புரிகிறது.

நாத்தனார்


ஏப்ரல் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

நஷ்டஈடு வேண்டாம் என்று அடித்துவிட்டுத்தான் நோட்டீஸை அனுப்பினேன். அது அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் பிரித்தது அவர் மனைவியாம். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை உன் கற்பனைக்கு விடுகிறேன். மறுநாள் காலை, சட்டை இஸ்திரி போடாமல் ஆபீஸுக்கு வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் பட்டையில் கையை வைத்தபடியே இருந்தேன்.

"உட்காரலாமா?"

"உங்க நாற்காலி அங்க இருக்கு."

அதை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "முதல் நாள் கவலையாத்தான் சொன்னேன். கேன்டீன்ல, ஒருத்தர்கிட்ட. பாவம், அவங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு. சொன்னதும் இன்னும் ரெண்டு பேர் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. என்னை யாரும் எதையும் கேட்டதில்ல."

"அதனால?"

"அதனால அடுத்த நாளும் சொன்னேன். கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். உங்களுக்கு மூக்கு திரும்ப வந்துடுச்சுன்னு தெரிஞ்ச பிறகும் நிறுத்தலை. குழந்தை சோப்பை என்கிட்ட கொடுப்பாங்கன்னு நினைக்கலை. கொடுத்தப்போ வேண்டாம்னும் சொல்லலை."

பட்டையிலிருந்து கையை எடுத்தேன். சொல்ல நிறைய இருந்தது. நீ கேன்டீனைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்றார். பேச ஆரம்பித்தார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலிருந்து, "சத்தமா" என்றார்கள். மறுபடி சொன்னார். "கேட்கலை" என்றார்கள். கேன்டீன்கார அக்கா உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "ஏறுங்க" என்றார். ஏறினார். ஸ்டூல் ஆடியது. நான்தான் எழுந்துபோய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கெதிராகச் சொன்னதை வாபஸ் வாங்கும் மனிதருக்கு நானே ஸ்டூல் பிடித்தேன் என்று உன் நோட்டீஸில் சேர்த்துக்கொள். "இவங்களுக்கு மூக்கு போயிடுச்சுன்னு நான் சொன்னது பொய். இவங்க என்னைவிட நல்லாவே வேலை பார்க்கறாங்க" என்று அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. அந்தத் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

எழுதியும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை குழந்தை சோப்பு என் மேசைக்கு வந்துவிட்டது. மேனேஜர் தானே எடுத்துக்கொண்டு வந்து, "ரெஸ்ட் நல்லா எடுத்தீங்களா?" என்றார். அவர்மேல் எத்தனை வழக்கு போடலாம் என்று பிறகு கேட்கிறேன்.

இப்போது வேறு ஒரு கதை கிளம்பியிருக்கிறது. என் மூக்கு அபாரமானதாம். யார் குளிக்காமல் வந்தார்கள், யார் நேற்றைய சட்டையையே போட்டிருக்கிறார்கள் என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேனாம். கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்பதில்லை. சாக்ஸ் வைத்த பையன் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறான். இதுவும் பொய்தான். இதற்கு நோட்டீஸ் உண்டா?

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் அறைக்குள் முன்போல இல்லை. அவர் அவர் வேலையைப் பார்க்கிறார், நான் என் வேலையைப் பார்க்கிறேன். பட்டையை நீட்டுவதில்லை.

அண்ணி


மே 1

அன்புள்ள அண்ணி,

புகழ்ச்சியான பொய்க்குச் சட்டத்தில் வழியில்லை. வரிசையில் நிற்காமல் சாப்பாடு கிடைக்கிறதே, அனுபவியுங்கள்.

ஸ்டூல் பிடித்த இடத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சத்தம் அதுதான். பூனை சோபாவிலிருந்து இறங்கி ஓடிவிட்டது.

கடைசியாக எழுதிய விஷயத்துக்கு வக்கீலாக என்னிடம் பதில் இல்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க வைக்க எனக்குத் தெரியும். ஒருவர் மறுபடி உங்களிடம் பட்டையை நீட்ட வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பத் தெரியாது. அந்த வேலையை எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. அது உங்கள் இரண்டு பேர் பாடு. நீங்கள் இடம் கொடுக்கவில்லை என்றாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

நம் விஷயத்தில் மட்டும் என்னால் ஒன்று செய்ய முடியும். இந்த மாதக் கடைசியில் நான் அங்கே வரட்டுமா? நான்கு நாள் லீவு இருக்கிறது. தங்குவேன். நிறையப் பேசுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

நாத்தனார்


மே 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

வா. நான்கு நாள் போதாது, ஒரு வாரமாக எடு. உன் அண்ணன் இப்போதே அறையைக் காலி செய்கிறேன் என்று எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டுவந்து குவித்து வைத்திருக்கிறார். நீ வந்து அவரைத் திட்டினால்தான் அது நகரும். தொண்டையை அதுவரை பத்திரமாக வைத்துக்கொள்.

நேற்று ஒன்று நடந்தது. குழந்தை சோப்புக் கலவையில் ஏதோ ஒன்று தூக்கலாக இருந்தது. பூவா, பாலா என்று எனக்குப் பிடிபடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே பட்டையை நீட்டினேன். கை கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் நின்றது. பிறகு அவர் வாங்கிக்கொண்டார். "பால்" என்றார். எனக்கும் பால்தான் என்று பட்டது. குறைத்துவிட்டோம்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, அவர் கை கழுவிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத தன் வீட்டு விஷயம் ஒன்றை என்னிடம் சொன்னார். பெரிய விஷயம். சொல்லிவிட்டு, நான் அதைக் காப்பாற்றுவேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டை மடித்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இன்றைக்குக் கேன்டீனில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டிருந்தீங்களாமே, என்ன விஷயம்?" பக்கத்து மேசையிலிருந்து நாலு காதுகள் என் பக்கம் நீண்டன. பேக்கிங் பையன் குளித்துவிட்டு வந்திருந்த தைரியத்தில் கிட்டே வந்து நின்றான். என்னிடம் இருந்த விஷயத்தைச் சொன்னால் ஆபீஸே என் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

"பால் வாசனை கொஞ்சம் தூக்கலா இருந்தது, அதைத்தான் பேசிட்டிருந்தோம்" என்றேன்.

நீ வந்து எவ்வளவு குறுக்கு விசாரணை செய்தாலும் இந்தப் பதில்தான்.

உன்னை எதிர்பார்க்கும்,
அண்ணி